யார்க்டவுனில் ஜெயித்தது யார்? அமெரிக்கர்களா, பிரெஞ்சுக்காரர்களா?

ஏட்டுச்சுரைக்காய்:
பையனுக்கு அமெரிக்க விடுதலைப் போர் பாடம் சொல்லிக் கொடுத்தபோது கிளம்பிய சந்தேகம் இது. 13 காலனிகளும் சேர்ந்து பிரிட்டனைத் தோற்கடித்தன என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அது பாதிக் கதைதான் என்பது என் கட்சி. 1781 அக்டோபர் 19 அன்று வர்ஜீனியாவின் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் 7,000 பேருக்கு மேற்பட்ட படையோடு சரணடைந்தார். அவரைச் சுற்றி வளைத்து நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ரோஷாம்போவின் தலைமையில் வந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள். கடல் பக்கத்தை அடைத்தது பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ். செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடா வாயிலில் அவருடைய 24 கப்பல்கள் 19 பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதின. பிரிட்டிஷ் கப்பல்கள் நியூயார்க்குக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அந்தச் சண்டையில் ஒரு அமெரிக்கக் கப்பல்கூட இல்லை. டி கிராஸ் வராமல் போயிருந்தால் கார்ன்வாலிஸ் கப்பலேறித் தப்பியிருப்பார். அப்புறம் யார் ஜெயித்தது?

மேப்புப்பைத்தியம்:
கடைசி ஓவரை மட்டும் பார்த்துவிட்டு மேட்சைப் பற்றி எழுதுகிறீர்கள், சார். பிரான்ஸ் கூட்டணி ஒப்பந்தம் போட்டது 1778 பிப்ரவரியில். போர் தொடங்கியதோ 1775 ஏப்ரலில். நடுவில் 1777 அக்டோபரில் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்காய்னின் முழுப் படையும், ஏறக்குறைய 6,000 பேர், ஆயுதத்தைக் கீழே வைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் பிரான்ஸ் வெளிப்படையாக வந்தது. தோற்கிற குதிரை மேல் யார் பணம் கட்டுவார்கள்?

இன்னொன்று. 1775 கடைசியில் பாஸ்டன் பிரிட்டிஷார் கையில். சுற்றி முற்றுகை போட்டவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி பெரிய பீரங்கி இல்லை. ஹென்றி நாக்ஸ் என்று 25 வயதுப் பையன், தொழில் புத்தகக் கடை. டைகாண்டரோகா கோட்டையில் கிடந்த சுமார் 60 பீரங்கிகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி, மாடு பூட்டி, நடுப் பனிக்காலத்தில் சுமார் 300 மைல் இழுத்துக்கொண்டு வந்தார். ஹட்சன் ஆறு உறைந்து கிடந்தது. பனிப்பாளம் உடைந்து பீரங்கி உள்ளே போனால் அதையும் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மார்ச்சில் ஒரே இரவில் அவற்றை டார்செஸ்டர் மேட்டில் ஏற்றினார்கள். மார்ச் 17 அன்று பிரிட்டிஷார் ஊரைக் காலி செய்தார்கள். இதில் பிரான்ஸ் எங்கே?

ஏட்டுச்சுரைக்காய்:
பீரங்கி சரி. மருந்து? 1775 ஆகஸ்டில் கையிருப்பைக் கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒன்பது முறை சுடக்கூட வெடிமருந்து இல்லை. அதைக் கேட்டு வாஷிங்டன் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை என்று கூட இருந்த தளபதி சல்லிவன் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஓட்டையை அடைத்தது யார்? 1776லேயே பொமார்ஷே என்ற நாடகாசிரியர் பெயருக்கு ஒரு வியாபாரக் கம்பெனி தொடங்கினார். பிரெஞ்சு, ஸ்பானிய அரசுகளின் பணத்தில் துப்பாக்கியும் மருந்தும் கப்பலேறின. நீங்கள் பெருமையாகச் சொல்லும் சரடோகாவில் வெடித்ததிலும் அந்தச் சரக்கு உண்டு. குதிரை மேல் பணம் கட்டியதற்கு முன்பே கொள்ளும் வைத்திருக்கிறார்கள்!

கெடிலக்கரை:
இரண்டு பேரும் அட்லாண்டிக் கரையிலேயே நிற்கிறீர்கள். பிரான்ஸ் வந்ததும் இந்தப் போர் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. 1778இல் பாண்டிச்சேரியைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். 1780இல் ஹைதர் அலி இறங்கி, காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் பிரிட்டிஷ் தளபதி பெய்லியின் படையை நொறுக்கினார். டச்சுக்காரர்களும் எதிரியாகிவிட்டதால் 1781இல் நாகப்பட்டினத்தில் முற்றுகை. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே, ஆங்கிலேயர் வெளியே, கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன். ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்தது அந்த ஜனவரியில். செய்தி கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். அதுவரை மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டனுக்கு எத்தனை கை இருந்தது? ஒரு கையால்தான் அமெரிக்காவில் சண்டை போட முடிந்தது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

(போகிற போக்கில்: அங்கே தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமகாலையும் வாங்கினார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாகவும் நிற்கிறார்.)

மேப்புப்பைத்தியம்:
கெடிலக்கரை அண்ணே, அருமை. ஆனால் கார்ன்வாலிஸ் யார்க்டவுனுக்கு ஏன் போனார் என்று ஏட்டுச்சுரைக்காய் சார் இன்னும் சொல்லவில்லை. தெற்கே அமெரிக்கத் தளபதி நத்தேனியல் கிரீன் அவரை ஓடவிட்டே களைக்க வைத்தார். 1781 மார்ச்சில் கில்ஃபர்டில் களத்தில் நின்றது கார்ன்வாலிஸ்தான், வெற்றி அவருக்கே. ஆனால் 1,900 பேரில் 500 பேருக்கு மேல் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஒதுங்கி, பிறகு வர்ஜீனியா போனார். கில்ஃபர்டுக்கு அடுத்த மாதம் இன்னொரு சண்டையில் தோற்றபின் கிரீன் எழுதினார்: "சண்டை போடுகிறோம், அடி வாங்குகிறோம், எழுந்து மறுபடி சண்டை போடுகிறோம்." காலனிக்காரர்கள் போரை நடத்திய விதமே இதுதான். பிரிட்டிஷார் ஊரைப் பிடிக்கலாம், துறைமுகத்தைப் பிடிக்கலாம், ஊருக்கு வெளியே கால் வைத்தால் உள்ளூர்க் குடிப்படை காத்திருக்கும்.

நாலாவது பெஞ்ச்:
காலனிக்காரர்கள் என்றால் எல்லாருமா? கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து சேர்ந்தால் விடுதலை என்று 1775இல் வர்ஜீனியா கவர்னர் டன்மோர் அறிவித்தார். வாஷிங்டன் பண்ணையிலிருந்து ஓடிய ஹாரி வாஷிங்டன் என்பவர் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தார். போர் முடிந்ததும் ஏறக்குறைய 3,000 கறுப்பர்கள் நியூயார்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார்கள், அவரும் அதில் ஒருவர். அவருக்கு இது எந்த விடுதலைப் போர்?

ஏட்டுச்சுரைக்காய்:
தலைப்பு அதுவல்ல நண்பரே. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

நாலாவது பெஞ்ச்:
யார் ஜெயித்தது என்று கேட்டது நீங்கள். யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அதில் வராதா?

மேப்புப்பைத்தியம்:
வரும். கறுப்பர்கள் வாஷிங்டன் படையிலும் இருந்தார்கள், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
சரி, சரணடைந்த அன்றைக்கு வாருங்கள். உடம்பு சரியில்லை என்று கார்ன்வாலிஸ் வரவில்லை. அவருடைய துணைத் தளபதி ஓஹாரா வந்து முதலில் ரோஷாம்போவிடம்தான் போனார். யாரிடம் தோற்றோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மேப்புப்பைத்தியம்:
ரோஷாம்போ கையைக் காட்டியது வாஷிங்டன் பக்கம். வந்தவர் துணைத் தளபதி என்பதால் வாஷிங்டன் தன் துணைத் தளபதி பெஞ்சமின் லிங்கனைக் காட்டினார். முந்தைய வருடம் சார்ல்ஸ்டனில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தாரே, அதே லிங்கன். பாதியில் நிறுத்தாதீர்கள் சார்.

ஏட்டுச்சுரைக்காய்:
கிரீன் விஷயத்தில் எனக்கு அடிதான், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒன்பது முறைக்கு மேல் சுட மருந்து எங்கிருந்து வந்தது என்பதற்கு நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. வாஷிங்டனாவது அரை மணி நேரத்தில் பேசிவிட்டார்.