புதுப்பிப்பு: கப்பலுக்குப் பெட்டி கட்டியது, அக்கா வழியும் என் வழியும்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலுக்கு, மாதக்கணக்கில் பட்டியல் போடும் அக்காவின் வழி நல்லதா, முந்தின இரவு பெட்டி கட்டும் என் வழி நல்லதா என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

முதல் நாளுக்கு அக்கா வழிதான் சரி. பெரிய பெட்டிகளை மரீனா பே முனையத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறை வாசலுக்கு வர மாலையாகிவிட்டது. மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், பிள்ளைகளின் நீச்சலுடை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும் என்று சொன்னது அக்காதான். பிள்ளைகள் மதியமே குளத்தில் இறங்கிவிட்டார்கள்! கடைசி இரவும் பெட்டியை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்துவதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துணி விஷயத்தில் என் பக்கம்தான் நியாயம். அறை சின்னது. பகலுக்குப் பருத்திச் சட்டை, இரவு உணவுக்கு ஒரு நல்ல உடை, போதும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், தீ அபாயம் என்று வாங்கி வைத்துவிடுவார்கள். என் கேள்விக்குப் பதிலாக, காந்தக் கொக்கி எடுத்துப் போகச் சொன்னவருக்கு நன்றி. இரும்புச் சுவரில் நன்றாக ஒட்டியது, ஈரத்துணி தொங்கவிட அருமை.

அப்புறம், புக்கெட் மணி சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால். கைபேசி தானாக மாறிவிடும். கப்பல் எந்த மணிக் கணக்கில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு கரை இறங்குங்கள்.