புதுப்பிப்பு: சுங்கத்தில் நின்ற வீட்டுச் சாமான்கள்

நாடு மாறியபோது கப்பலில் அனுப்பிய வீட்டுச் சாமான்கள் துறைமுகத்தில் நிற்கின்றன, காரணம் கேட்டால் யாருமே வாய் திறக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன.

சிக்கல் ஒரு மரப்பெட்டியில்தான். எல்லை தாண்டும் மரப்பெட்டிகளுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு. பூச்சி பரவாமலிருக்க, வழக்கமான முறையில் மரத்தின் உட்பகுதி வரை குறைந்தது 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் செய்த மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்தோடு 'HT' (வெப்பமூட்டியது என்பதன் சுருக்கம்) என்று முத்திரை இருக்கும். பேக்கிங் நிறுவனம் தையல் மெஷினுக்கு அடித்த பெட்டியில் அது எந்தப் பக்கமும் இல்லை. அந்த ஒரு பெட்டிக்காக மெத்தை, பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் காத்துக் கிடந்தன. கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் தாமதக் கட்டணம். துறைமுகத்தில் சரக்கை இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் முடிந்ததும் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். சோதனையால் தாமதம் என்றாலும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தில் பேக்கிங் அந்த நிறுவனத்தின் பொறுப்பு என்று இருந்ததைக் காட்டி, பெட்டியின் போட்டோவையும் அனுப்பினேன். பாதியை ஏற்றார்கள், மீதிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

சுங்கத்துக்குக் கொடுக்கும் சாமான் பட்டியலை எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு: பேக்கிங் செய்பவர்களை 'இதர பொருட்கள்' என்று எழுத விடாதீர்கள். எங்களுடையதில் அப்படி எழுதிய அட்டைப்பெட்டிகளைத்தான் சுங்கத்தில் முதலில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.