வெளிநாட்டுப் பள்ளிகளோடு சேர்ந்து காலநிலை படித்த கதைகள்

இயற்பியல் ஆசிரியை, நெய்வேலி

வெளிநாட்டுப் பள்ளியோடு கூட்டு என்றாலே நம் பக்கம் முதலில் கொடி வரைவார்கள், கோலம் போடுவார்கள், 'மரம் வளர்ப்போம்' என்று அட்டை எழுதுவார்கள். எங்களுக்கும் ஆரம்பம் அதுதான். அந்த அட்டைகளோடு முடிந்துபோகாமல் காப்பாற்றியது எங்களுக்கு வாய்த்த ஊர். ஜெர்மனியின் கிழக்கு எல்லையோரம் லவுசிட்ஸ் என்ற பகுதி. அங்கேயும் பழுப்பு நிலக்கரி, அங்கேயும் திறந்தவெளிச் சுரங்கம், அனல் மின் நிலையம். இரண்டு பக்கமும் வகுப்பில் கணிசமான பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோ சுரங்கத்தில் ஷிப்டு பார்ப்பவர்கள். இப்படிப்பட்ட வகுப்பில் 'நிலக்கரி கெடுதல்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது. யாரோ ஒரு பிள்ளையின் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசுகிறோம்.

முதல் காணொளி வகுப்பிலேயே அந்தப் பக்கத்து மாணவி கேட்டுவிட்டாள்: "நாங்கள் 2038-க்குள் மூட வேண்டும் என்று சட்டமே போட்டாயிற்று. நீங்கள் எப்போது?" என் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கோடு வந்திருந்தான். "சராசரி ஜெர்மானியர் ஆண்டுக்கு ஏழெட்டு டன் கரியமில வாயு வெளியேற்றுகிறார், இந்தியர் இரண்டு டன். முதலில் நீங்கள் குறையுங்கள்." எங்கள் பக்கம் ஒரே கைதட்டல். வகுப்பு பட்டிமன்றமாக மாறிக்கொண்டிருந்தது. அப்போது அந்தப் பக்கம் பின்வரிசையில் இருந்த ஒரு பையன், இரு ஜெர்மனிகளும் 1990-இல் இணைந்த பிறகு அங்கே சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டதையும், பல பத்தாயிரம் பேருக்கு வேலை போனதையும், அதில் தன் தாத்தாவும் ஒருவர் என்பதையும் சொன்னான். அதன் பிறகு எங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்விகளின் ரகமே மாறியது. தாத்தா பிறகு என்ன செய்தார்? ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்களா? பாடப்புத்தகத்தில் இருக்கும் பசுமை இல்ல வாயுப் படத்தை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு நான் எந்தக் காலத்திலும் வந்திருக்க மாட்டேன்.

பிறகு தண்ணீருக்கு வந்தோம். உண்மையில் ஆண்டு முழுக்க ஓடியது அந்த ஒரு விஷயம்தான். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலுக்குப் பாய்கிறது. லவுசிட்ஸிலும் இதே கதை. அங்கே இறைக்கும் தண்ணீர் ஸ்ப்ரே ஆற்றில் விழுகிறது. பல பத்தாண்டுகளாக இப்படி ஊட்டி வளர்த்த ஆறு, சுரங்கம் மூடினால் கோடையில் மெலிந்துபோகும் என்று அங்கே இப்போது பெரிய கவலை. அதாவது, காலநிலைக்காகச் சுரங்கத்தை மூடினால் ஆற்றுக்குத் தண்ணீர் குறையும். இந்தச் சிக்கலுக்கு எந்தப் பக்கத்து ஆசிரியரிடமும் தயார் விடை இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிட உற்சாகம் தரும் விஷயம் வேறு கிடையாது.

ஒருநாள் அந்தப் பக்கத்து மாணவி ஒரு கண்ணாடி பாட்டிலைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். நீர்த்துப்போன டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர். பழைய சுரங்கப் பகுதிகளில் நிலத்தடி நீர் மறுபடி ஏறும்போது மண்ணில் இருக்கும் இரும்பு கரைந்து ஆற்றில் கலக்கிறது, அந்த நிறம் அதனால்தான் என்று விளக்கினாள். பாட்டிலை அவள் மெல்ல ஆட்டியதும் அடியில் படிந்திருந்த துரு மேலே எழும்பியது. மறுவாரம் எங்கள் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து ஜன்னலில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். ஆய்வக உதவியாளருக்குத்தான் கோபம்.

ஊர்கள் போன கதையையும் சொல்ல வேண்டும். லவுசிட்ஸில் சுரங்கத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. அவற்றில் பல, சோர்பியர் என்ற சிறுபான்மை மொழியினரின் ஊர்கள். ஹோர்னோ என்ற ஊரை மக்கள் பல ஆண்டுகள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அந்த மக்கள் குடியேறிய ஃபோர்ஸ்ட் நகரில் இன்று மறைந்துபோன ஊர்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் படங்களைப் பார்த்துவிட்டு என் மாணவி ஒருத்தி, "எங்கள் பாட்டி ஊரும் இப்போது இல்லை மிஸ், ஆனால் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் போடுவார்கள்" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே பெரியவர்களிடம் கேட்டு, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களின் பெயர்களையும், குலதெய்வம் எங்கே மாற்றி வைக்கப்பட்டது என்பதையும் எழுதத் தொடங்கினார்கள். இதற்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லியும் எழுதினார்கள்.

அறிவியல் ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

எங்களுடையது நாசா ஆதரவோடு 1995 முதல் நடந்துவரும் 'குளோப்' திட்டம். மாணவர்களே வெப்பநிலை, மழை, மேகம் ஆகியவற்றை அளந்து இணையத்தில் ஏற்ற வேண்டும். உலகில் யாரும் அதைப் பார்க்கலாம். சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தையொட்டி அளவெடுக்க வேண்டும். எங்கள் ஊரில் அது பன்னிரண்டே கால் வாக்கில், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன். தட்டோடு ஓடுகிற கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நோட்டோடு ஓட ஒரு பிள்ளை வேண்டும். அது கிடைப்பதுதான் கஷ்டம்.

எங்களோடு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தது எஸ்டோனியாவில் ஒரு பள்ளி. பனிக்காலத்தில் அவர்கள் பனியை உருக்கித் தண்ணீராக அளந்து அனுப்புவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியதில், வெப்பமானி வைத்திருந்த எங்கள் வெள்ளைப் பெட்டி பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. தோப்பும் அன்றோடு போயிற்று. பிறகு வெகுநாள் எங்கள் பக்கத்துக் கட்டங்கள் காலி. "ஏன் எண் இல்லை?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எங்கள் பிள்ளைகள் எழுதிய பதில், நான் நடத்திய எந்தப் புயல் பாடத்தையும்விட நன்றாக இருந்தது. ஒரு புயலைக் காலநிலை மாற்றத்தின் தலையில் அப்படியே கட்டிவிட முடியாது, கடல் சூடேறுவது புயலுக்குத் தீனி போடும் என்பது வரைதான் சொல்லலாம் என்ற வேறுபாடும் அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபட்டது.

முன்னாள் ஆசிரியர், சென்னை

எனக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் கூட்டு என்றால் சான்றிதழ், வரவேற்பறையில் மாட்ட ஒரு கேடயம், ஆண்டுக்கொரு முறை சில பிள்ளைகள் ஐரோப்பா போய் வருவது. விமானத்தில் பறந்து போய்க் கரியமில வாயுவைக் குறைப்பது எப்படி என்று பேசிவிட்டு, விமானத்தில் திரும்பி வந்தார்கள். போகாத பிள்ளைகளுக்கு அது சுற்றுலா என்றே தெரியும்.

ஒரு தாய், பெர்லின்

நெய்வேலி ஆசிரியை எழுதியதைப் படித்துத் திடுக்கிட்டேன். ஸ்ப்ரே எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. நகரின் குடிநீரில் ஒரு பகுதிக்கும் அதுவே ஆதாரம். என் மகள், காலநிலைக்காக மாணவர்கள் நடத்தும் வெள்ளிக்கிழமை ஊர்வலங்களில் பதாகை பிடித்தவள். நிலக்கரியை உடனே மூடு என்று கோஷம் போட்டவளுக்கு இந்தத் தண்ணீர்க் கணக்கு தெரியாது. எனக்கும்தான். படித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூடத்தான் வேண்டும். ஆனால் தண்ணீருக்கு வழி பண்ணிவிட்டு மூட வேண்டும்" என்றாள். கூடவே, ஆண்டுதோறும் சென்னைக்குப் பறப்பதில் தலைக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு ஆகிறதே அம்மா என்றும் கேட்டு வைத்தாள். பாட்டியைப் பார்க்க வேண்டாமா என்றேன். விவாதம் இன்னும் முடியவில்லை.

இயற்பியல் ஆசிரியை, நெய்வேலி

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். அங்கே காலை எட்டுக்கு முன்பே பள்ளி தொடங்கிவிடுவதால் நம் மதிய இடைவேளையையொட்டி வகுப்பை வைத்துக்கொள்ளலாம், மாலையில் பிள்ளைகளை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் தொடாதீர்கள். பொதுத்தேர்வு இருக்கும்போது பெற்றோர் விட மாட்டார்கள். ஒன்பதும் பதினொன்றும் சரியாக வரும். ஆங்கிலம் பற்றிய பயம் வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கும் அது படித்து வந்த மொழிதான், அவர்களும் தடுமாறுகிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகள் வாயே திறந்தார்கள்.

பெர்லின் சகோதரிக்கு: உங்கள் மகள் சொன்னதை வரும் வகுப்பில் இரண்டு பக்கமும் படித்துக் காட்டலாமா? பெயர் போட மாட்டேன். சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அவளுக்குப் பதில் எழுத விரும்புவார்கள்.