வால்செண்டில் இறங்கிய ஞாயிறு: நீட் ரெக்கார்ட்ஸ் நினைவுகள்

இங்கிலாந்தின் நியூகாசிலில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஞாயிறு மெட்ரோ ஏறி வால்செண்டில் இறங்கினேன். ரோமானியரின் ஹேட்ரியன் மதில் முடியும் ஊர் என்பதால் ஸ்டேஷன் பலகைகளில் லத்தீனும் இருக்கும். கூட இறங்கியவர்கள் கோட்டையைப் பார்க்க ஆற்றுப் பக்கம் போனார்கள். நான் ஹை ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். இம்பல்ஸ் என்ற ஒலிப்பதிவு ஸ்டூடியோ இருந்த தெரு அது. அதன் உரிமையாளர் டேவிட் உட் 1979-ல் தொடங்கியதுதான் ஹெவி மெட்டல் இசைத்தட்டுகளை வெளியிட்ட நீட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய லேபிள்.

பையில் வெனம் குழுவின் 'வெல்கம் டு ஹெல்' இசைத்தட்டு, நீட் வெளியிட்டது. பழையது. கறுப்பு உறையின் ஓரங்கள் வெளுத்துவிட்டன. பின்பக்கம் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். 1981-ல் மூன்றே நாளில் பதிவான ஆல்பம். பாடிய க்ரோனோஸ் அந்த ஸ்டூடியோவிலேயே வேலை பார்த்தவர். முதல் தடவை கேட்டபோது ஊசியில் தூசு என்று நினைத்து, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே இரைச்சல். பேஸும் கிதாரும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, பிரித்தே கேட்க முடியாது. பெரிய கம்பெனி எதுவும் அதைத் தொட்டிருக்காது. நீட் அப்படியே வெளியிட்டது. அடுத்த வருஷம் வந்த 'பிளாக் மெட்டல்' ஓர் இசை வகைக்கே பெயராகிவிட்டது.

நீட்டின் சரிவுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், நாற்றங்கால் நீட்டுடையது, அறுவடை வேறு வயலில். நீட்டில் தொடங்கிய டைகர்ஸ் ஆஃப் பான் டாங் குழுவை 1980-லேயே எம்சிஏ என்ற பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. ரேவன் குழு 1983-ல் மெட்டாலிகா குழுவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றியது, பிறகு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸுக்குப் போனது. கடைசியில் வெனமும் இல்லை. 90-களில் லேபிள் கைமாறி, பாட்டெல்லாம் சேங்க்சுவரி என்ற இசைக் கம்பெனியிடம் சேர்ந்தது. 2007-ல் அந்தக் கம்பெனியையே யுனிவர்சல் வாங்கியது. அதே வருஷம்தான் வால்செண்டின் ஸ்வான் ஹன்டர் கப்பல் கட்டும் தளத்துக் கிரேன்களும் ஓர் இந்தியக் கம்பெனிக்கு விலைபோயின. கப்பல் கட்டின ஊரில் பிறந்த சத்தம் என்பதால், இந்த இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

*

அண்ணா, உங்கள் நினைவுகளைப் படித்தேன். நான் நீட்டுக்கு வேறு வழியாக வந்தவன். 'பிளிட்ஸ்கிரீக்' மெட்டாலிகாவின் பாட்டு என்றே பல வருஷம் நம்பியிருந்தேன். 1984-ல் அவர்கள் எடுத்துப் பாடியது அது. மூலம் பிளிட்ஸ்கிரீக் என்ற குழுவுடையது, 1981-ல் நீட் வெளியிட்ட சிங்கிளின் பின்பக்கப் பாட்டு. ஒரு ராத்திரி அதைத் தேடிக் கண்டுபிடித்து, விடியும்வரை ஹெட்போனைக் கழற்றவில்லை. முன்பக்கப் பாட்டை மறுநாள்தான் கேட்டேன்.

உங்கள் உறையில் உள்ள பெயரைப் படிக்க முடிகிறதா?

*

முதல் எழுத்து மட்டும் தெரிகிறது தம்பி. மீதியின் மேல் யாரோ ஈரக் கோப்பையை வைத்து எடுத்த வட்டம்.