முகம் காட்டாதவர் மேல் அவதூறு வழக்கு போட முடியுமா?

மெஸ்தம்பி:
என் அக்கா சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். பெயரில்லாத கணக்கு ஒன்று 'சாம்பாரில் பல்லி கிடந்தது' என்று எழுதிவிட்டுப் போனது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் பாதியாகிவிட்டது. அடையாள அட்டை காட்டாமல் யாரும் இணையத்தில் எழுதவே கூடாது என்று சட்டம் வேண்டும்.

கீழவீதி:
அக்காவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அந்தச் சட்டம் வந்தால் முதலில் வாயை மூடுபவர், கவுன்சிலரின் கமிஷனைப் பற்றி எழுதுபவர். அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்து ஸ்மிர்னா ஊர் கவுன்சிலர் கேஹில், தனக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று எழுதிய அநாமதேயரின் பெயரைக் கேட்டு வழக்கு போட்டார். அவதூறுக்கு முதலில் ஆதாரம் காட்டினால்தான் பெயர் கிடைக்கும் என்று 2005-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பதிவு வெறும் அபிப்பிராயம் என்றும் சொன்னது.

மெஸ்தம்பி:
புத்தி மழுங்கியது அபிப்பிராயம், சரி. பல்லி அபிப்பிராயமா? இல்லாத பல்லியை இல்லை என்று எப்படிக் காட்டுவது?

வாய்தா:
நம் நாட்டில் நீங்கள் காட்டத் தேவையில்லை. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபிப்பது எழுதியவர் பொறுப்பு. ஆள் தெரியாவிட்டால் 'அசோக்குமார்' என்ற கற்பனைப் பெயரில் பிரதிவாதியைப் போட்டு வழக்கு தொடுத்து, விவரங்களைத் தரச் சொல்லி அந்தத் தளத்துக்கு உத்தரவு கேட்கலாம்.

கீழவீதி:
அதுதான் எனக்குப் பயம்! கமிஷனைப் பற்றி எழுதியவருக்கும் அதே சுமை. கிரிமினல் பக்கம் இன்னும் மோசம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதியதாகவும் காட்ட வேண்டும். இரண்டு வருடம் வரை சிறை.

வாய்தா:
முழுக்க அப்படியில்லை. ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் போட்ட வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பணி சம்பந்தமான விஷயத்துக்கு அதிகாரி நஷ்டஈடு கேட்டால், உண்மையா பொய்யா என்று பார்க்காமல் எழுதினார்கள் என்று அவர்தான் நிறுவ வேண்டும். கிரிமினல் பிரிவு பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அவதூறுப் பிரிவை 2016-ல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றுவிட்டது.

மெஸ்தம்பி:
அக்கா அதிகாரி இல்லையே. வக்கீல் ஃபீஸுக்கு மெஸ்ஸையே விற்க வேண்டும். பதிவை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், போதுமா?

வாய்தா:
புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63-வது பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும். சிவில் வழக்குக்கு ஒரு வருடம்தான் கெடு. பதிவு வந்த தேதி என்ன?