பிக்கப் சைலன்சர் பைப் பாதியை வெட்டி மாத்துனவங்க அனுபவம் சொல்லுங்க

தூத்துக்குடி மீன்வண்டி:

எங்க ஊர்ப்பக்கம் பிக்கப் ஓட்டுறவங்களுக்கு சைலன்சர் பைப் ஓட்டை விழுறது ஒண்ணும் புதுசு இல்ல, உப்பளத்து லோடு அடிக்கிற வண்டியும் மீன் வண்டியும் மேல பாக்க பளபளன்னு இருக்கும், அடியில குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். நம்மளது பிஎஸ்4 புகை விதிப்படி வந்த பொலேரோ பிக்கப், தருவைகுளத்துல மீன் பெட்டி ஏத்தி மதுரைக்கு ஓடுது. ஐஸ் உருகுன உப்புத்தண்ணி பாடி பலகை இடுக்கு வழியா சொட்டி நேரா பைப் மேலயே விழுது, பைப் சூட்டுல தண்ணி ஆவியாயிருது, உப்பு மட்டும் வெள்ளையா படிஞ்சு நிக்குது, அதுக்கு அடியில துரு செதில் செதிலா எந்திரிச்சிருச்சு.

மொதல்ல சத்தம்தான் மாறுச்சு. ஏத்தத்துல ஆக்சிலேட்டர் மிதிச்சா பழைய டிராக்டர் மாதிரி பட பட பட. அப்புறம் கேபினுக்குள்ள புகை வாடை, கண்ணாடிய ஏத்தி விட்டா தலை வலிக்குது. எங்கிருந்து வருதுன்னு பாத்தா கியர் ராடு அடியில இருக்குற ரப்பர் கிழிஞ்சு கெடக்கு, அது வழியாத்தான் ஏறுது. இத யாரும் லேசா எடுத்துக்காதீங்க, அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு நெறமும் கெடையாது வாடையும் கெடையாது, நமக்கு அடிக்கிறது மத்த கரிப்புகை வாடை மட்டும்தான். மாத்துற வரைக்கும் ரெண்டு பக்கக் கண்ணாடியும் எறக்கி விட்டே ஓட்டுனேன், மழையிலயும் கூட.

ஒரு கடையில முழு செட்டா மாத்தச் சொன்னாவ. இன்னொருத்தர் தகரத்தச் சுத்தி ரெண்டு கிளாம்ப் போட்டுத் தாறேன், நூறு ரூவா போதும்னாரு. எனக்கு ரெண்டும் ஒத்து வரல. நம்ம வழக்கமா விடுற பட்டறை அண்ணாச்சி வண்டிக்கு அடியில படுத்து ஸ்பேனரால பைப்ப தட்டிக்கிட்டே வந்தாரு, நல்ல இரும்பா இருந்தா கிண்ணுன்னு கேக்கும், அரிச்ச எடத்துல தப்புன்னு செத்த சத்தம். வெளிய தெரிஞ்ச ஓட்டை ஒரு ரூவாத் துட்டு அளவுதான், ஆனா அந்தச் செத்த சத்தம் ஒன்றரை அடி நீளத்துக்கு வந்துச்சு. சாக்பீஸ்ல ரெண்டு பக்கமும் கோடு போட்டு, கோட்டத் தாண்டி நல்ல இரும்புப் பக்கம் இன்னும் ரெண்டு இஞ்ச் தள்ளி வெட்டுனாரு. வெட்டுன துண்ட கையில வாங்கி அமுக்குனா அப்பளம் மாதிரி உடையுது, உள்பக்கம் வேற தனியா துருப்பிடிச்சிருக்கு.

உள்ள ஏன் துருப்பிடிக்குதுன்னு எனக்கும் சந்தேகமா இருந்துச்சு, அண்ணாச்சிதான் சொன்னாரு. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா பைப் வழியா போகுமாம். நீளமா ஓடுற வண்டியில அது வெளிய போயிரும், பைப்பும் காஞ்சிரும். ஊருக்குள்ளயே ஸ்டார்ட் பண்ணி அரை கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துற வண்டியில உள்ளயே தண்ணியா நின்னுரும். அதனால உள்ளூர் டிரிப் அடிக்கிற வண்டிக்குத்தான் பைப் சீக்கிரம் போகுதாம்.

மாத்துனது பழைய சைஸுக்கே சரியா வர்ற கருப்பு எம்எஸ் (சாதா இரும்பு) பைப், தடிமன் மட்டும் ரெண்டு மில்லி. பைப், கேஸ்கட், கூலி எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. ஆனா பைப்ப மட்டும் மாத்தி விட்டா மறுபடியும் அதே தண்ணிதான சொட்டும்? அதனால பலகைக்கு அடியில பைப் போற நீளத்துக்கு ஒரு தகர வாய்க்கா அடிச்சு தண்ணிய பின்னாடி ஒரு ஓரமா எறக்கிட்டோம். என்னக் கேட்டா பைப் வேலைய விட இந்த வாய்க்காதான் முக்கியமான வேலை. உங்க வண்டிக்கு எதனால போச்சு, எப்படி சரி பண்ணீங்க?

கோத்தகிரி பச்சைத்தேயிலை:

அண்ணே சொன்ன கடைசி விஷயத்துக்கு பத்து லைக்கு. எங்களுக்கு உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா பைப் ஒரே எடத்துல உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எஸ்டேட் ரோட்டுல கொழுந்து மூட்டை ஏத்திட்டு ஃபர்ஸ்ட் கியர்ல ஏறுற வண்டி, முன் பைப்பையும் நடு பைப்பையும் போல்ட் போட்டுச் சேக்குற தட்டு, அந்த ஃபிளாஞ்சுக்கு நாலு விரல் பின்னாடி பைப்பச் சுத்தி தலைமுடி மாதிரி விரிசல் வரும், வெல்டு வச்சா அந்த வெல்டுக்கு பக்கத்துலயே அடுத்த விரிசல், அத வச்சா அதுக்குப் பக்கத்துல. வெல்டர் மேல சந்தேகப்பட்டு ஆள மாத்திப் பாத்தோம், மேட்டுப்பாளையம் எறங்கி பைப்பையே புதுசா போட்டும் பாத்தோம், புதுப் பைப்பும் அதே எடத்துல விட்டுருச்சு.

கடைசியில ஒரு வயசான மெக்கானிக், பைப்ப பாக்கவே இல்ல, பானட்ட தொறக்கச் சொல்லி இன்ஜின ஸ்டார்ட் பண்ணி பொசுக்குன்னு ஆஃப் பண்ணச் சொன்னாரு. ஆஃப் பண்ணும்போது இன்ஜின் ஒரு பக்கமா குதிச்சு உக்காருது. இன்ஜின் உக்கார்ற ஒரு பக்கத்து மவுண்டிங் ரப்பர் இரும்புல இருந்து பிஞ்சு தனியா நிக்குது. இன்ஜின் ஆடுது, சைலன்சர் சேசிஸ்ல கட்டி இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு பைப் தினம் வளைஞ்சு வளைஞ்சு நிமிருது. பத்தாததுக்கு பின்னாடி சைலன்சர் தொங்குற ரப்பர் ஒண்ணு அறுந்து அதுக்குப் பதிலா யாரோ கட்டுக்கம்பி போட்டு இறுக்கி வச்சிருக்காங்க, அசையவே வழி இல்ல. ரப்பர்ல தொங்க விட்டதே ஆடுறதுக்குத்தான, கம்பி போட்டா அந்த ஆட்டமெல்லாம் பைப்புக்குத்தான போகும்.

மவுண்டிங் ரெண்டும், தொங்குற ரப்பர் எல்லாமும் மாத்திட்டு அப்புறம்தான் பைப்ப வெட்டி புதுத்துண்டு வச்சோம். அதோட நின்னுருச்சு. எங்க ரோட்டு கல்லுல இப்பவும் அடி வாங்குது, நசுங்குது, ஆனா விரிசல் மட்டும் விடல.

கோயம்புத்தூர் பட்டறை:

நான் இந்த வேலையே பண்றவனுங்க, ரெண்டு பேரும் சொன்னது நூத்துக்கு நூறு சரி. பைப் போச்சுன்னு வர்ற வண்டியில நான் மொதல்ல பாக்கறது மவுண்டிங்கும் ரப்பரும்தான். பட்டறையில நிக்கும்போது நீங்க கவனிக்க வேண்டிய சிலது சொல்றேன், சும்மா டீ குடிச்சுட்டு வேடிக்கை பாக்காதீங்க.

வெல்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் டெர்மினல கழட்டச் சொல்லுங்க. இப்ப வர்ற காமன் ரெயில் டீசல் வண்டி எல்லாத்துலயும் ஈசிஎம்னு இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் இருக்குதுங்க, வெல்டிங் கரண்ட் அந்தப் பக்கம் போச்சுன்னா பைப் காசு மாதிரி பல மடங்கு போயிரும். எர்த் கிளாம்ப்ப சேசிஸ் மூலையில எங்கயோ மாட்டாம வெல்டு வைக்கிற பைப்புலயே மாட்டணும். டீசல் லைனும் பிரேக் பைப்பும் பக்கத்துல போகுதான்னு பாத்து ஈரச்சாக்கு போட்டு மூடணும். ஈரச்சாக்கு இல்லாம வண்டிக்கு அடியில கிரைண்டர் புடிக்கிறவன் கிட்ட வண்டிய விடாதீங்க.

அடுத்தது, பைப்ப வண்டியில மாட்டி போல்ட்ட லூசா வச்சு நாலு எடத்துல பொட்டு மட்டும் வைக்கணும், முழு வெல்டு வெளிய எடுத்து வச்சுத்தான். கீழ வச்சு கண்ணளவுல ஒட்டிட்டு மேல மாட்டுனா ஃபிளாஞ்சு கோணலா நிக்கும், அப்ப ஸ்பேனர் போட்டு இழுத்துக் கட்டுவாங்க, அந்த இழுவையிலயே பைப் பாதி செத்துரும். மெல்லிசு பைப்புக்கு பத்தாம் நம்பர் வெல்டிங் ராடு போட்டா பொத்துக்கிட்டு போகும், அதவிட மெல்லிசான பன்னெண்டாம் நம்பர் போடணும். சிஓ2 வெல்டிங் மெஷின் இருந்தா ரொம்ப நல்லது.

தண்ணிக் குழாய் ஜிஐ பைப் துருப்பிடிக்காதே, அத போடலாமான்னு வாரத்துக்கு ஒருத்தர் கேக்கறாரு. வேண்டாமுங்க. அதுல பூசின துத்தநாகம் வெல்டிங் சூட்டுல வெள்ளைப் புகையா கிளம்பும், அத மூச்சுல இழுத்த வெல்டருக்கு ராத்திரி குளிர் ஜுரம் வந்து போர்வைக்குள்ள நடுங்குவான், மறுநாள் ஒண்ணும் நடக்காத மாதிரி எந்திரிச்சு வருவான். பாத்திருக்கேன்.

வளைவு வேணும்னா ரெடிமேட் பெண்ட் கிடைக்குது. பழைய ஆளுங்க பைப்புக்குள்ள மணல கெட்டிச்சு ரெண்டு பக்கமும் அடைச்சு நெருப்புல காச்சி வளைப்பாங்க, மணல் இருக்கறதால பைப் நசுங்காம அழகா வரும். மணல் மட்டும் நல்லா வறுத்த மணலா இருக்கணும், ஈரம் இருந்தா உள்ள நீராவி கட்டி அடைப்பு துப்பாக்கி குண்டா பறக்கும்.

அப்பறம் இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற மேனிஃபோல்டுல நட்டு மாட்டுற தலையில்லா போல்ட், அதான் துருப்பிடிச்ச ஸ்டட். ஸ்பேனர் மேல ஏறி மிதிச்சா ஸ்டட் உடைஞ்சு மேனிஃபோல்டுக்குள்ள நிக்கும், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாயிரும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைக்கணும், நட்ட மட்டும் கேஸ்ல செவக்க காச்சி மொதல்ல லேசா இறுக்கற பக்கம் ஒரு அசைப்பு, அப்பறம் திருப்பு. அப்படியும் வரலீன்னா நட்ட உளியில பொளந்து எடுத்துருவேன், போனா நட்டுதான போகும். திரும்ப போடும்போது பித்தளை நட்டு போடுங்க, அது ஸ்டட்டோட ஒட்டிப் புடிக்காது.

நாமக்கல் முட்டை லோடு:

அண்ணா, நம்ம வண்டி பிஎஸ்6, 2021 மாடல். எல்லாரும் வெட்டு வெட்டுன்னு சொல்றீங்க, புது வண்டிக்காரங்க இதப் படிச்சுட்டு வெட்டிறாதீங்க. இதுல பைப்புக்கு நடுவுல கரிய புடிச்சு வைக்கிற டிபிஎஃப் ஃபில்டர், புகைய சுத்தம் பண்ற டிஓசின்னு டப்பா டப்பாவா இருக்கு, டெம்பரேச்சர் சென்சார் இருக்கு, டிபிஎஃப்க்கு முன்னாடியும் பின்னாடியும் பிரஷர் பாக்க ரெண்டு சின்ன டியூப் வேற போகுது. ஒரு பட்டறையில டிபிஎஃப எடுத்துட்டு வெறும் பைப் போட்டுத் தரேன், மைலேஜ் ஏறும்னாங்க. வேண்டாம்னு வந்துட்டேன். அத எடுத்தா வார்னிங் லைட் எரியும், பவர் குறையும், வாரண்டி போகும், மாசுக் கேஸுக்கு 2019ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் பத்தாயிரம் வரைக்கும் போகலாம்.

எனக்கு ஓட்டை விழுந்தது டப்பா எல்லாம் தாண்டி கடைசி வால் பைப்புல, அங்க சென்சார் எதுவும் இல்ல, அதனால அத மட்டும் வெட்டி மாத்திக்கிட்டேன். இன்னொன்னு, டிபிஎஃப் தன்னால கரிய எரிக்கும்போது உள்ள 600 டிகிரி வரைக்கும் போகும். அந்த நேரம் பாத்து வைக்கப்போர் பக்கத்துலயோ காஞ்ச புல்லு மேலயோ வண்டிய நிறுத்தாதீங்க. கோழிப்பண்ணைக்கு உள்ள போறவங்க கண்டிப்பா கவனிக்கணும்.

ராமநாதபுரம் புதுசு:

அண்ணே, அடுத்த மாசம் எஃப்சி (தகுதிச் சான்று) வருது, வண்டி எட்டு வருஷம் தாண்டியாச்சு, இனி வருஷா வருஷம் போகணும். பைப்புல சின்ன ஓட்டை, இப்போதைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்தி விட்டுட்டு எஃப்சி முடிஞ்சதும் மாத்திக்கலாமா? சத்தம் அவ்வளவா இல்ல. புகை டெஸ்ட்லயும் இடிக்குமா?

கோயம்புத்தூர் பட்டறை:

தம்பி, அந்தக் கயித்த கையாலயே தொடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். சுத்தித்தான் ஆகணும்னா கிளாஸ் ஃபைபர் டேப் இருக்குது. ஆனா எஃப்சிக்கு போறதுக்கு முன்னாடியே மாத்திருங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பாத்தா திருப்பி அனுப்பிருவாரு, அப்பறம் ஒரு நாள் வாடகையும் போச்சு.

புகை டெஸ்ட் வேற விஷயம். பிஎஸ்4 டீசலுக்கு புகை அடர்த்தி 50 யூனிட், அதுக்கு முந்தின வண்டிக்கு 65, அதுக்குள்ள வரணும். பைப் ஓட்டையால அந்த அளவு ஏறாது, அது இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் சமாச்சாரம். ஆனா ஓட்டை டர்போவுக்கு முன்னாடி மேனிஃபோல்டு பக்கம் இருந்தா கதையே வேற. டர்போவ சுத்த வைக்கிற புகை பத்தாம வண்டியோட இழுவை குறையும், கரும்புகை தள்ளும், விசில் மாதிரி ஒரு சத்தம் கேக்கும். உங்களுக்கு எங்க இருக்குன்னு பாக்கணும்னா காலையில வண்டி ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தர மடிச்ச ஈரத்துணியால வால் பைப் வாய கொஞ்ச நேரம் அமுக்கச் சொல்லுங்க, நீங்க முன்னாடி இருந்து காத கொண்டு போங்க, உஸ்ஸுன்னு கேக்கற எடம்தான். சோப்புத் தண்ணி தெளிச்சா நுரை காட்டிக் குடுக்கும். பைப் சூடானதுக்கு அப்பறம் இந்த வேலை வேண்டாம்.

ராமநாதபுரம் புதுசு:

சரிண்ணே, மாத்திடறேன். பெயிண்ட் என்ன அடிக்கிறது?

தூத்துக்குடி மீன்வண்டி:

தம்பி, சாதா பெயிண்ட் அடிக்காதீங்க, எரிஞ்சு உரிஞ்சு வந்துரும். ஹார்டுவேர் கடையில சூடு தாங்குற அலுமினியம் பெயிண்ட்னு கேளுங்க, சில்வர் கலர்ல குடுப்பாவ. வெல்டு கசடத் தட்டி, எமரி ஷீட்ல தேச்சு, மெல்லிசா ரெண்டு கோட் அடிங்க, வெல்டு மேல மறக்காம அடிங்க, துரு அங்கதான் மொதல்ல ஆரம்பிக்கும். மொத தடவ ஓட்டும்போது அடியில இருந்து வெள்ளையா கொஞ்சம் புகை வரும், அது பெயிண்ட்தான், பயந்துபோய் வண்டிய ஓரங்கட்டிராதீங்க.