அறுபது தப்படிக் காடு

குடும்பக் குழு, சனிக்கிழமை மாலை

நான்: குட்டியோடு பின்பக்கத்துக் காட்டுக்குப் போய்வந்தேன். ஒரு முழுச் சுற்று சுற்றிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது அறுபது தப்படி. எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

அக்கா: நான்கு வயதுக்கு அதுவே அதிகம். எங்கே உட்கார்ந்துவிட்டாள்?

நான்: விழுந்து கிடந்த மரக்கட்டைப் பக்கம். ஒரு ரயில் பூச்சிக்குக் கால் எண்ண ஆரம்பித்தாள். அவளுக்கு இருபது வரைதான் தெரியும். இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். முதல் பத்து நிமிடம் எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை. பிறகு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா: ஒவ்வொரு கணுவாகப் பார்க்கச் சொல். ரயில் பூச்சிக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடிக் கால். பூரானுக்கு ஒரே ஜோடி. முட்டையிலிருந்து வரும்போது ரயில் பூச்சிக்கு மூன்று ஜோடிதான் இருக்கும். தோலுரிக்க உரிக்கக் கணுவும் காலும் கூடும்.

நான்: இதைச் சொன்னால் இன்று தூங்க மாட்டாள் அப்பா.

அம்மா: கையால் தொட்டாளா?

நான்: தொட்டாள். சுருண்டுகொண்டது. வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன் அம்மா.

அப்பா: நல்லது. சில வகைகள் காந்தும் நீரைக் கசியவிடும். அந்தக் கையோடு கண்ணைத் தேய்க்காமல் இருந்தால் போதும்.

அம்மா: மரக்கட்டைக்கு அடியில் பாம்பு இருந்தால்?

அப்பா: கட்டையை எதிர்ப்பக்கம் திறக்கும்படி நம் பக்கமாகப் புரட்ட வேண்டும். உள்ளே எது இருந்தாலும் அந்தப் பக்கமாகப் போய்விடும், மரம் நமக்கும் அதற்கும் நடுவில் இருக்கும். பார்த்து முடித்ததும் மெதுவாகப் பழையபடி வைத்துவிட வேண்டும். அது அவற்றின் கூரை.

அம்மா: பாம்பு இருந்தால் என்று கேட்டேன்.

அக்கா: அம்மாவுக்குப் பதில் வரவில்லை.

நான்: குட்டி தூர நிற்பாள், நான் மட்டும் புரட்டுகிறேன், குச்சியால் முதலில் தட்டுகிறேன். போதுமா அம்மா?

அம்மா: சரி.

நான்: இன்னொன்று. ஒரு செடித்தண்டில் சோப்பு நுரை மாதிரி ஒரு கொத்து. “செடி எச்சில் துப்பியிருக்கிறது” என்றாள். என்ன அது?

சின்ன மாமா: படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி இருக்கிறதே. கைப்பேசியில் போட்டுக்கொள்.

அப்பா: பெயருக்கு என்ன அவசரம்? அவள் வைத்த பெயர் நன்றாகத்தானே இருக்கிறது. நாளைக்கு நுரையைப் புல் நுனியால் கொஞ்சம் விலக்கச் சொல். உள்ளே பச்சையாக ஒரு குஞ்சுப் பூச்சி இருக்கும். தண்டின் சாற்றை உறிஞ்சிக் குடித்துவிட்டு, வெளியேற்றும் நீரில் காற்றை அடைத்து அது நுரை கட்டுகிறது. உடம்பு காயாது, பிற பூச்சிகளும் எளிதில் நெருங்காது. ஒரு திருத்தம்: அது வாயிலிருந்து வருவதில்லை. பின்பக்கத்திலிருந்து.

நான்: சொல்லிவிட்டேன். பத்து நிமிடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இரவு 8:40

நான்: அக்கா, இருக்கிறாயா? குட்டியின் முழங்கால் மடிப்பில் ஓர் உண்ணி ஒட்டியிருக்கிறது. எள் அளவுதான்.

சின்ன மாமா: எண்ணெய் தடவு, தானாக விழும். அல்லது தீக்குச்சியைக் காட்டு.

அக்கா: மாமா, இரண்டும் வேண்டாம். அப்படிச் சீண்டினால் அது தன் உமிழ்நீரைக் கடிவாய்க்குள் விடக்கூடும். நுனி மெல்லிய சாமணம் எடு. தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழு. திருகாதே, நசுக்காதே. பிறகு சோப்பால் கழுவு.

நான்: வந்துவிட்டது. அழவில்லை. உண்ணிக்கு எத்தனை கால் என்று கேட்கிறாள்.

அக்கா: வளர்ந்ததற்கு எட்டு. தேதியைக் குறித்து வை. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்போ தெரிந்தால் மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததையும் சொல். அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் பார்த்தாயா? இனி நீளக் காற்சட்டை, அதன் விளிம்பு காலுறைக்குள்.

நான்: பார்த்துவிட்டேன். இனி காடே வேண்டாம் போலிருக்கிறது.

அப்பா: இப்போது விட்டால் அடுத்த வருடம்தான். மரங்கள் இலை விட்டு மூடுவதற்குள் தரையில் வெயில் விழும் நாட்கள் இவை. தரையோடு முளைக்கும் சின்னச் செடிகள் இந்தச் சில வாரங்களுக்குள் பூத்து, காய்த்து, ஒடுங்கிவிடும். போன இடத்துக்கே போ. அதே அறுபது தப்படி போதும்.

சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அக்கா: என்ன மாமா நீக்கினீர்கள்?

சின்ன மாமா: தீக்குச்சியைப் பற்றி இன்னொன்று எழுதினேன். விடு. நாளை நானும் வரட்டுமா?

நான்: குட்டியிடம் கேட்டேன். “மாமாவால் குனிய முடியுமா?” என்கிறாள்.

ஞாயிறு காலை 6:15

நான்: குளியலறைச் சுவரில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று “வெறும் ஓடு” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாளே, அதுதான். கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அப்பா: வறண்டால் ஓட்டின் வாயைச் சளியால் அடைத்துக்கொள்ளும். குளியலறை ஈரத்தில் விழித்திருக்கும்.

சின்ன மாமா: நான் ஏழரைக்கு வந்துவிடுகிறேன். குனிவேன்.

அம்மா: நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாமணத்தையும் எடுத்துப்போ.